மறைத்து இழுத்த மருந்து

அக்கா,

இன்று காலை கூடத்தில் சாம்பிராணிப் புகை பரவியதும் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். கிணத்துக்கடவிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியும், நாலு பேர் வருகிற வீடு மணக்கட்டும் என்று அவள் அப்பா தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உனக்கிருந்த ஆஸ்துமா இவளுக்கும் உண்டென்று தெரிந்த மனிதர்தான்!

கருமத்தம்பட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தோம். பஞ்சுத் தூசி பட்டாலே உன் நெஞ்சில் விசில் கேட்கும். தாராபுரத்தில் உன்னைக் கட்டிக்கொடுத்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "அங்க ஒருத்தருக்கும் தெரியாம இழுத்துக்க அம்மணி." நீயும் குளியலறைக்குள் போய்த்தான் இன்ஹேலரை இழுப்பாய். அதுவும் மூச்சு முட்டும்போது எடுக்கிற மருந்தை மட்டும். தினமும் எடுக்க வேண்டியதை, "இதுல ஒண்ணும் கேக்கறதில்ல கண்ணு" என்று விட்டுவிட்டாய்.

அந்த மருந்து என்ன செய்யும் என்று மகளின் டாக்டர்தான் எனக்குச் சொன்னார். "உடம்புக்குக் காவல் இருக்கற அணுக்கள், தூசியையும் எதிரின்னு நெனச்சுச் சண்டைக்குப் போயிருதுங்க. ஊட்டு நாய், விருந்துக்கு வந்த ஒறம்பரையப் பாத்துக் கொரைக்கிற மாதிரி. போதும்னு அதட்டற அணுக்களும் உள்ளயே இருக்குதுங்க. இவங்களுக்கு அந்த அதட்டல் பத்தறதில்ல. மூச்சுக்குழாய் வீங்கிக்குது. தெனமும் எடுக்கற மருந்து அந்த வீக்கத்த அடக்குமுங்க. மத்தது அப்போதைக்கு வழி விடும், அவ்வளவுதான்."

உனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. உன் நாத்தனாரின் புது வீட்டில் ஹோமப் புகை சூழ்ந்தபோது, வழக்கம்போலக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாய். நான் தட்டித் தட்டிப் பார்த்தேன். கதவை உடைத்து உன்னைத் தூக்கி வந்தபோது உன் மூச்சு நின்றிருந்தது.

இன்று மகளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. உள்ளே போ என்று அவள் அப்பா கண்ணைக் காட்டினார். அவளும் எழுந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"இங்கயே இழு கண்ணு."

இழுத்தாள். அவள் தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார். "ஏனுங்க, புள்ளைக்கு வீசிங்குங்களா?"

"ஆமாங்க. சின்னதுலிருந்தே இருக்குதுங்க. தெனமும் மருந்து எடுத்துக்கறா."

"போயிட்டுச் சொல்லியனுப்பறமுங்க" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாததா? இவள் அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறேன், அக்கா. சம்பந்தம் போனால் போகட்டும். என் மகளுக்கு மூச்சு சீராகும்வரை கூடம் நிறைய ஆட்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.