மாமியின் கல்லறைப் போத்தல்கள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
06.10.2024

அன்பின் ஜெஸ்மினுக்கு,

இங்கு நான் நலம். நீரும் மட்டக்களப்பில் உமது மாகிரட் அக்காவோடு சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். போத்தல் படங்களாக அனுப்புகிறேன் என்று என் நம்பரை உமது போனில் மறித்துவிட்டீர். ஆகவே முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. சேமக்காலையில் உமது அம்மாவின் கல்லறையைச் சுற்றிக் கழுத்து கீழாகப் புதைத்திருந்த போத்தல்களில் நான்கை எடுத்தது நான்தான். புல்லுப் பிடுங்கப் போனவன், அவற்றின் அடியில் புடைத்து நின்ற எழுத்துகளைக் கண்டதும் புத்தி கெட்டுப்போனேன். எந்த நாட்டில் வார்த்தது, உள்ளே என்ன இருந்தது என்று அறியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இடைவெளி தெரியக்கூடாதென்று வேறு நான்கை நட்டேன். அவை ஹோட்டலில் கேட்டு வாங்கிய பியர்ப் போத்தல்கள், நான் குடித்தவை அல்ல. அவற்றின் அடியிலும் பெயர் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

கோழிகள்கூட உம்மைத் தேடுகின்றன. எனக்குப் பருப்புக் கறி அடிப்பிடிக்கிறது.

என்றும் உமது,
மைக்கல்


மட்டக்களப்பு,
12.10.2024

மதிப்புக்குரிய போத்தல் ஆராய்ச்சியாளருக்கு,

கடிதம் கிடைத்தது. பருப்புக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக விடவும்.

பிராந்தி வாசம் வந்தால் அம்மா நத்தார் கேக்கையே தொடமாட்டார். அவருடைய தலைமாட்டில் பியரின் பெயரை நட்டுவிட்டீர்களே. பாதர் அதைக் கண்டுவிட்டு, பூசை முடிந்து என்னைத் தனியே சேமக்காலைக்குக் கூப்பிட்டு, "வீட்டில ஏதும் பிரச்சினையோ? மைக்கல் எப்ப இருந்து குடிக்கிறார்?" என்று கேட்டார். குழிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. அன்றைக்கென்று அங்கே வெட்டிய குழியும் இருக்கவில்லை.

ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறைகளை மந்திரிக்க முன்னர் அம்மாவின் போத்தல்கள் பழைய இடத்தில் நிற்க வேண்டும். நின்றால் வருவேன். இல்லாவிட்டால் அக்கா வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

ஜெஸ்மின்


திருகோணமலை,
19.10.2024

அன்பின் ஜெஸ்மினுக்கு,

உமது கடிதம் கிடைத்த அன்றே பியர்ப் போத்தல்களைப் பிடுங்கிவிட்டேன். மாமியின் போத்தல்கள் என் கலியாண வேட்டியில் சுற்றி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஒரு சிக்கல்.

சோக்குக்கட்டியைத் தேய்த்து எழுத்துகளை வாசித்தேன். மருந்துப் போத்தல் என்று நினைத்தேன். பழைய சாமான் வாங்கும் நஸ்ரி பன்னீர் என்று சத்தியம் செய்தார். கடைசியில் இங்கிலாந்தில் போத்தல் சேர்க்கிற ஆட்களுக்குப் படம் அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. நம்பாமல் இன்னொருவரிடமும் கேட்டேன், அவரும் அதையே சொல்கிறார். எழுதக் கை வரவில்லை, ஜெஸ்மின். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் துறைமுகக் கடற்படைக் கன்ரீனுக்கு வந்த பியர்.

மாமி இத்தனை வருடமும் பியருக்கு நடுவில்தான் படுத்திருக்கிறார். திருப்பி வைத்தால் தெரிந்துகொண்டே வைத்த பாவம். வைக்காவிட்டால் நீர் வரமாட்டீர். இந்த ஆராய்ச்சியே எனக்கு வேண்டாம். நீர் இல்லாத வீட்டில் இருக்க ஏலாமல் இருக்கிறது. எதை வைக்கச் சொல்கிறீரோ அதை வைக்கிறேன்.

உமது,
மைக்கல்


மட்டக்களப்பு,
26.10.2024

அன்பான இவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பயந்து பயந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கதிரையிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். "அது பியர்ப் போத்தல் எண்டு அம்மாவுக்குத் தெரியாதோ? அவதானே ஒவ்வொண்டாப் புதைச்சவ" என்றார்.

நான் பிறக்க முன்னர் அப்பா வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர் அல்லவா? கையில் போத்தலோடு தள்ளாடி வந்தால், மறுநாள் அம்மா ஒன்றும் கதைக்காமல் அந்தப் போத்தலை முற்றத்துப் பூப்பாத்தி ஓரத்தில் கவிழ்த்துப் புதைப்பாராம். வேலைக்குப் போகும்போது அப்பா அந்த வரிசையைத் தாண்டித்தான் படலையைத் திறக்க வேண்டும். பாத்தியைச் சுற்றி முடிவதற்குள் குடியை விட்டுவிட்டார். அம்மா போன பிறகு அவரே எல்லாவற்றையும் கிளறி எடுத்து, கழுவி, சேமக்காலையில் கொண்டுபோய் நட்டாராம். அக்கா சிரிக்கச் சிரிக்க நான் அழுதேன். நீங்கள் தோண்டியிருக்காவிட்டால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

போத்தல்களைத் திருப்பி வையுங்கள். பாதருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வருகிறேன், நிலையத்துக்கு வாருங்கள்.

வர முன்னர் குசினி வாசலில் எனக்கும் ஒரு பாத்தி வெட்டி வையுங்கள். அக்கா வீட்டில் சோடாப் போத்தல் நிறையக் கிடக்கிறது, ஒரு பை நிறையக் கொண்டுவருகிறேன். முதலாவதை எதற்காகப் புதைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பாத்தியின் மிச்ச இடத்தை அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம்.

உங்கள்,
ஜெஸ்மின்