மணிக்கூட்டைத் துவாயால் சுற்ற மறந்த நாள்

என் இஞ்சேருங்கோவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது, சொல்லுங்கள்? நாற்பது வருடத்துக்கு மேல் உங்கள் பெயரை வாயால் சொல்லாமலே குடும்பம் நடத்தியவள் நான். நீங்களும் அப்படித்தான். "இஞ்சேரும்" என்றால் நான், "இஞ்சேருங்கோ" என்றால் நீங்கள். இப்போது கடிதத்தின் தலையில் உங்கள் பெயரை எழுதிப் பார்த்தேன். பென்ஷன் கந்தோருக்கு எழுதுவது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

முதலில் வீட்டு நிலவரம். லிஃப்ட் மறுபடியும் பழுது. நாலாம் மாடிக்கு ஏறி இறங்கி முழங்கால் என்னோடு கோபம். காலை ரயில் இன்னமும் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்துக்கொண்டுதான் போகிறது. கீழே டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பீர்கள். என் காதுக்கு மெஷின் மாட்டியிருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். உங்கள் அறையில் கசெற்றுகள் எல்லாம் நீங்கள் அடுக்கியபடியே இருக்கின்றன. தூசு மட்டும் தட்டுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை முன்னிட்டு எனக்கும் உங்கள் மகனுக்கும் ஒரு சண்டை வந்து, நல்லபடியாக முடிந்தும் விட்டது.

போன மாதம் தீபன் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தான். "அம்மா, அண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவின்ர தாலாட்டைப் போடுவம். இஞ்ச இருக்கிற ஆக்களும் வீடியோவில கேக்கலாம்" என்றான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, கொட்டாஞ்சேனை வீட்டில், ரயிலையும் பாண்காரனையும் வைத்து நீங்களே கட்டிப் பாடினீர்களே, அந்தத் தாலாட்டு. எனக்குச் சந்தோசம் பொங்கியது. உங்கள் முகம் சுவரில் இருக்கிறது. குரல் எங்கே இருக்கிறது? ஊரிலுள்ளவர்களின் பாட்டையெல்லாம் கசெற்றில் பதிந்து திருத்திக் கொடுத்த மனிதர், தன் குரலுக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு கசெற்தான். ஒரு வாய்ஸ் மெசேஜாவது அனுப்பியிருக்கலாமே? கடைசி வரைக்கும் அந்தப் பட்டன் போனை விடவில்லையே நீங்கள்!

தீபன் தன்னிடமிருந்த பழைய பிரதியைக் கொம்பியூட்டரில் போட்டு இரைச்சல் எல்லாம் கழுவி அனுப்பினான். குரல் பளிங்காக இருந்தது. லண்டனில் உங்கள் தங்கச்சி வட்ஸ்அப்பில் அழுத முகங்களாக அனுப்பித் தள்ளிவிட்டா. எல்லாருக்கும் பிடித்தது. எனக்கு மட்டும் ஒட்டவில்லை.

அது நீங்கள் இல்லை. உங்களைப் போல மூச்சு விட்டு, உங்களைப் போல சொல்லை இழுத்துப் பாடுகிற வேறு யாரோ ஒரு பெடியன். உங்கள் குரல் அதைவிடக் கீழே இருக்கும், அவசரப்படாது. பாட்டுக்காரர் ஒவ்வொருவருக்காகவும் நீங்கள் எத்தனை மணி நேரம் அந்தக் கசெற் மெஷினோடு மல்லுக்கட்டினீர்கள்! நாடா கொஞ்சம் வேகமாக ஓடினாலே குரலும் மேலே ஏறி, ஆளே மாறிவிடும் என்று நான் கேட்காத நேரத்திலும் எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். "அரை சுருதி ஏறினாப் போதும், அம்பது வயசுக்காரன் முப்பதாயிடுவான்" என்பீர்கள். "அப்ப என்னையும் ஒருக்கா அதில போட்டு ஓட்டுங்கோவன்" என்று நான் கேட்டதும் நினைவிருக்கிறதா?

தீபனிடம் சொன்னேன். "அம்மா, நான் சின்னனில இருந்து கேட்டது இந்தக் குரலைத்தான்" என்றான். உண்மைதான். ஒரு பிரதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் அவன் விமானம் ஏறினான். அந்தக் குளிரில் அவனைத் தூங்க வைத்த குரல் அது. நான் விடவில்லை. பிறகு மெல்ல, என்னை நோகடிக்கக் கூடாது என்ற கவனத்தோடு, "அம்மா, உங்களுக்கு இப்ப மெஷின் போட்டுத்தானே கேக்குது. அதாலயும் இருக்கலாம்" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவன் சொல்வது சரியாக இருந்தால்? ஒரு வருடத்துக்குள் நான் உங்கள் குரலை மறந்துவிட்டேனா? பக்கத்தில் படுத்துக் கேட்ட குரலையே மறந்தவள் என்றால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? உங்களை நினைத்துக் கண்ணை மூடினால் அந்தப் பெடியன்தான் பாடினான். பயந்துபோனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அடுத்த நாள் அலுமாரியைத் துழாவி மூலக் கசெற்றை எடுத்தேன். உங்கள் மெஷினில் போட்டால் அது முனகிவிட்டு நின்றது. புறக்கோட்டையில் உங்களுக்கு ரேடியோச் சாமான் விற்ற ரஷீத் நானாவைக் கூப்பிட்டேன். பாவம் மனிதர், நாலு மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து, உங்கள் கதிரையில் இருக்காமல் வாங்கில் இருந்தார்.

"டீச்சர், மெசினுக்கு ஒரு கொறையும் இல்ல. பெல்ட்டு மட்டும்தான் தளந்து ஈந்திச்சி" என்று புதிதாக ஒன்று மாட்டினார். கடையிலிருந்து கொண்டுவந்த கசெற் ஒன்றைப் போட்டுப் பார்த்து, வேகம் சரி என்றார். பிறகு உங்களைப் போட்டோம். அதே பெடியன்தான் பாடினான்.

"நானா, இது அவரின்ர குரலோ?"

"அவரு பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்லியே, டீச்சர். கதைச்சதுதான் தெரியும்." மனிதர் பொய் சொல்லவில்லை. நீங்கள் தாலாட்டுப் பாடி அருகிருந்து கேட்டு நினைவு வைத்திருப்பது நான் ஒருத்திதான்.

தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டேன். நீங்கள் பாடத் தொடங்க முன்னம் கொஞ்ச நேரம் வெறுமையாக இருக்கும். காது மெஷின் ஒரு விசித்திரமான சாமான். பேச்சை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கிற சின்னச் சத்தங்களைத்தான் முதலில் பிடிக்கும். அந்த வெறுமைக்குள் டிக், டிக் என்று ஒன்று கேட்டது.

என் அப்பாவின் மணிக்கூடு!

சீதனத்தோடு வந்த அந்தச் சுவர் மணிக்கூட்டை நீங்கள் எத்தனை தரம் திட்டியிருப்பீர்கள்! "உம்மட கொப்பர் எனக்குத் தந்த தண்டனை" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு பதிவுக்கும் முன்னம், சத்தம் விழாமல் அதைத் துவாயால் சுற்றிக் கட்டுவீர்கள். அன்று கட்டவில்லை. எனக்கு அந்த மாலை அப்படியே திரும்பி வந்தது. கரண்ட் இல்லை. இருட்டில் தீபன் வீரிட்டு அழுகிறான். ரோச் லைற்றுக்குள் கிடந்த பழைய பற்றரிகளைக் கழற்றி நீங்கள் ரெக்கோடருக்குள் போட்டீர்கள். அந்தப் பற்றரியில் நாடா தள்ளாடி மெல்ல ஓடியிருக்கிறது. மெல்ல ஓடிய நாடாவில் பதிந்ததை நல்ல கரண்டில் போட்டால் வேகமாகத்தானே ஓடும்? ஊர்க் கசெற்றெல்லாம் பார்த்த கண்ணுக்கு வீட்டுக் கசெற் தெரியவில்லையே!

கசெற்றுக்குள் மணிக்கூடு டிக்டிக்டிக் என்று விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. எங்கள் மணிக்கூடு அப்படி ஓடாது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அது நின்று கிடந்தது. சாவி கொடுப்பது உங்கள் வேலை. நீங்கள் போன பிறகு நான் தொடவும் இல்லை, யாரையும் தொட விடவும் இல்லை.

"நானா, அந்த ஸ்டூலில ஏறி அதுக்கு ஒருக்காச் சாவி குடுங்கோ."

ஏன் என்று கேட்காமல் ஏறினார். பெண்டுலத்தை விரலால் தட்டிவிட்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்குள் டிக் என்றது. நான் உங்கள் மெஷினில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் கையை வைத்தேன். சுவரில் ஒரு மணிக்கூடு, கசெற்றுக்குள் அதே மணிக்கூடு. ஒன்று நடந்தது, மற்றது ஓடியது. மெல்ல மெல்லக் குறைத்தேன். ஒரு இடத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே டிக் ஆகின. கையை எடுத்துவிட்டேன்.

பிறகு நீங்கள் பாடினீர்கள். கீழ்க்குரலில், ஆறுதலாக, உலகத்தில் எந்த அவசரமும் இல்லாத மாதிரி. நான் மறக்கவில்லை, இஞ்சேருங்கோ. ஒரு துளியும் மறக்கவில்லை.

நானா தன் போனில் அதைப் பதிந்து, மணிக்கூட்டுச் சத்தத்தோடேயே தீபனுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தீபன்தான்.

"அம்மா," என்றான். "இது ஞாயிற்றுக்கிழமையளில எனக்குப் போன் எடுக்கிற அப்பாவின்ர குரல்."

"ஓமடா."

"நான் இரைச்சல் எண்டு மணிக்கூட்டையும் கழுவிப்போட்டன். உங்களையும் என்னவோ சொல்லிப்போட்டன்."

"நீ அறிஞ்சோ செய்தனி? விடு, ராசா."

"மற்றதையும் நான் வச்சிருக்கட்டே? நான் வளந்தது அதோட."

"வச்சிரு. ஆனா திவசத்துக்கு இவர்தான் வருவார்" என்றேன். சரி என்றான். அழுதுகொண்டே சிரிக்கிறான் என்று தெரிந்தது. நீங்கள் அவனைக் கோபிக்கக் கூடாது. நானும் கோபிக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. பாட்டு முடிந்த பிறகு கசெற்றில் நீங்கள் கதைக்கிற துண்டு. பாட்டு இல்லை என்று தீபன் அதை வெட்டியிருந்தான். அந்த நாட்களில் நாங்களும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அன்று குமிழ் சரியான இடத்தில் நிற்க, தாலாட்டு முடிந்து, மணிக்கூடு மட்டும் இரண்டு மூன்று தரம் டிக்கென்று கேட்க, நீங்கள் ரகசியக் குரலில் சொன்னீர்கள்: "இஞ்சேரும், நித்திரையாப் போயிட்டான். வந்து இதை நிப்பாட்டும்."

"ஓம், வாறன்" என்றேன் நான். வாய்விட்டு. கை தன்பாட்டில் பட்டனுக்குப் போய்விட்டது. ரஷீத் நானா எழும்பி, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனார். அவருடைய தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி சனிக்கிழமை தோறும் காலையில் ஸ்டூலில் ஏறி மணிக்கூட்டுக்கு நானே சாவி கொடுப்பேன். துவாய் கட்ட மாட்டேன், நீங்கள் எவ்வளவு முறைத்தாலும். நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் "ஓம், வாறன்" என்பேன். ஆனால் உடனே வா என்று மட்டும் நெருக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். இங்கே சாவி கொடுக்க ஆள் வேண்டும்.

கூப்பிட்ட குரலுக்கு இன்னமும் ஓம் சொல்லும்
உங்கள் மனைவி,
இஞ்சேரும்