மேல் லயத்து டீச்சருக்கு

இன்று காலை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சவுக்காரக் கட்டியை நனைத்துத் தேய்த்ததும் அந்த மணம் எழும்பியது. உடனே உன் கால்கள்தான் கண்ணுக்குள் வந்தன. பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, ஈரச் சவுக்காரத்தைக் கணுக்காலிலிருந்து மேலே பூசிக்கொண்டு நிற்பாய். சவுக்காரம் பூசினால் அட்டை ஏறாது என்று மலையில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படியும் ஏறும். நீ அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, "இது படிச்ச அட்டை போல" என்று நடந்துகொண்டே இருப்பாய்.

தோய்ப்பதை விட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். நண்டு வலையோடு களப்பிலிருந்து வந்த என் மனுசன், சுகமில்லையோ என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் வலையை வேலியில் போட்டுவிட்டு வந்து, மிச்ச உடுப்பைத் தானே அலசிக் கொடியில் விரித்தார். உன் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்கு நாள் வைத்துவிட்டதாக நேற்று உன் அம்மா போன் எடுத்துச் சொன்னது அவருக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் மேடுபள்ளமில்லாத தரையில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் அரியாலைக் களப்பு ஓரம், நீ பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே. யாழ்ப்பாணம் டவுனில் ஒரே முன்பள்ளியில் படிப்பித்தோம். எங்கள் வாழ்க்கையில் அதுவரை ஏறிய உயரம் மாமரம்தான். ஒரு வருட மழையில் மலைநாட்டில் மண் சரிந்தபோது, உன் ஊர் வாசிகசாலைப் பெடியள் அரிசி, பருப்பு, போர்வை என்று ஒரு லொறி நிறையச் சேர்த்தார்கள். பெண்களுக்கான சாமான்களைப் பிரித்துக் கொடுக்கப் பெண்கள் யாராவது கூட வரவேண்டும் என்றார்கள். நீ உன் கையை உயர்த்தினாய். மற்றக் கையால் என் கையையும் பிடித்து உயர்த்தினாய்.

லொறி ஓரிடத்துக்கு மேல் ஏறவில்லை. அங்கிருந்து தேயிலைக்குள்ளால் ஒற்றையடிப் பாதையில் மூட்டைகளைச் சுமந்து நடந்தோம். உச்சியில் ஒரேயொரு லயம். ஒரு நீளக் கூரை, அதன்கீழ் அறை அறையாகக் குடும்பங்கள். மேல் லயம் என்றுதான் அதற்குப் பெயர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் பின்சுவரை மண் தள்ளி விழுத்தியிருந்தது. உள்ளே முழங்காலளவு சேறு. பிள்ளைகள் லயத்து வாசலில் குந்தியிருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வமணியை அன்றுதான் கண்டோம். கொழுந்து பறிப்பவள். இடுப்பில் கைக்குழந்தை. நீ கொடுத்த போர்வையை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்.

"நாளைக்கும் இருப்பீங்களா டீச்சர்? குடுத்துட்டு, போட்டோ புடிச்சிட்டுப் போற ஆளுங்கதான் நெறைய வர்றாங்க."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஓம், இருப்பன்" என்று சொன்னாய். லொறி திரும்பிப் போனது. நாங்கள் இருவரும் செல்வமணியின் அறையில் ஒரு சாக்கின்மேல் படுத்தோம். குளிரில் உன் பற்கள் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

அந்தக் கிழமை முழுவதும் சேறு அள்ளினோம். லயத்து ஆண்கள் வேலை முடிந்து வந்து கல் அடுக்கித் தகரம் அடித்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் போனோம். என் மனுசன் காயவைத்த கூனி இறாலைப் பையில் கட்டித் தருவார். மேலே அதற்குப் பெரிய மதிப்பு. போகும் வழியில் பஸ் பழுதாகும், பாலம் மூழ்கும், மூடுபனியில் பாதை காணாமல் போகும். ஒருமுறை பனிக்குள் முன்னால் யாரோ மெல்ல நடந்து போவது தெரிய, லயத்து ஆள்தான் என்று நம்பி வெகுதூரம் பின்னால் போனோம். கடைசியில் அது ஒரு மாடு. நீ தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உனக்கு மூச்சு வாங்கியது.

எங்கள் பேச்சு பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. முதல் நாள் நீ அவர்களைப் பார்த்து, எல்லாரும் கெதியா வெளிக்கிடுங்கோ என்றாய். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்தினார்கள். ஒரு குட்டிப் பெண் மட்டும், எனக்கு இப்ப வரலை டீச்சர் என்றாள். புறப்படுங்கள் என்று நீ சொன்னதை அவர்கள் கக்கூசுக்குப் போகச் சொல்வதாக விளங்கிக்கொண்டார்கள் என்று செல்வமணி வந்து சொல்லும்வரை நமக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு விடுமுறை முடிந்தும் நீ இறங்கி வரவில்லை. அங்கேயே இருக்கப்போவதாகச் சொல்லியனுப்பினாய். உன் அம்மா என்னோடும் கதைப்பதை விட்டுவிட்டார், ஏதோ நான்தான் உன்னை மலைக்கு விற்றவள் போல. பிறகு நீ ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, எங்கடை ஊரிலை பிள்ளையள் இல்லையோ என்று அவர் உன்னைக் கேட்டதையும், இருக்கினம் அம்மா, அவைக்கு ஆக்களும் இருக்கினம் என்று நீ சொன்னதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

குளவி கலைந்த நாள் உனக்கு ஞாபகமிருக்கும். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். பிள்ளைக்காம்பராவின் கதவைத் திறந்து அவர்களை உள்ளே இழுத்தோம். யன்னல்களைச் சாக்கால் அடைத்தோம். அப்போதுதான் செல்வமணியின் மாமியார் வெளியே விழுந்து கிடப்பது தெரிந்தது. நான் யோசிப்பதற்குள் நீ ஈரப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். அந்தக் கிழவியை அணைத்து இழுத்துக்கொண்டு வந்தபோது உன் முகம் முழுக்கக் கொட்டியிருந்தது. அதே முகத்தோடுதான் அவரைக் கதிரையில் வைத்துக் கட்டி, ஆண்களோடு மாறி மாறித் தூக்கிக் கீழே ரோட்டுக்குக் கொண்டுபோனாய். ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்தார். அடுத்த நாள் நீ வீங்கிய முகத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, இது ஆர் வந்திருக்கிறது சொல்லுங்கோ என்றாய். பயந்துபோயிருந்த பிள்ளைகள் அன்றுதான் மறுபடி சிரித்தார்கள்.

காய்ச்சல் பிள்ளை, பிள்ளைத்தாச்சி, கால் முறிந்த கிழவன் என்று எத்தனை பேரை அந்தப் பாதையால் இறக்கினாய். நேரத்துக்குப் போனால் நோயை மாத்தலாம் என்பதுதான் உன் வாயில் எப்போதும்.

ஒரு ஆவணி விடுமுறையில், என்னைக் கூட்டிப்போக இறங்கி வந்திருந்த நீ, மேலே ஏறும்போது பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றியதைக் கண்டேன். தோள் பிடித்திருக்கிறது என்றாய். குளிக்கப் போனபோது, உடை மாற்றிக்கொண்டிருந்த உன்னை மறைப்பில்லாமல் கண்டுவிட்டேன். இடது மார்பில் தோல் சுருங்கி உள்ளே இழுபட்டிருந்தது. நீ அவசரமாகத் துவாயை இழுத்தாய். மலையூற்றிலிருந்து பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் கேட்டேன், எப்ப கண்டனீ என்று.

"பொங்கலுக்கு முந்தி," என்றாய். "பிள்ளையளின்ரை விளையாட்டுப்போட்டி முடியட்டும் எண்டு இருந்தனான். பேந்து மழை. பேந்து அந்தக் குளவிக் கதை. நோகேல்லை, அதாலை விட்டிட்டன்."

நான் உன்னை ஏசினேன். என் வாழ்நாளில் யாரையும் அப்படி ஏசியதில்லை. நீ தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த நாளே இறங்கினோம். டொக்டர் படங்களைப் பார்த்துவிட்டு நேரே எங்களைப் பார்க்கவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார். நேரத்துக்குப் போகவேணும் என்று நீ எத்தனை தாய்மாருக்குச் சொல்லிக் கூட்டிப்போயிருப்பாய். உனக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் நீ காட்டியிருக்கமாட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பண்டத்தரிப்பில் உன் பழைய அறையில் கிடந்தாய். மருந்து உன்னை உருக்கியது. அம்மா மறுபடி என்னோடு கதைக்கத் தொடங்கினார், உனக்கு என்ன கொடுக்கலாம் என்பதைப் பற்றி மட்டும். நீ பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தாய். குட்டிப் பெண் பாடசாலையில் சேர்ந்துவிட்டாளா, தகரம் ஒழுகுகிறதா. கடைசி நாட்களில் ஒருநாள் என் கையைப் பிடித்து, "எடி, மேலை இப்ப பனி இறங்கியிருக்கும் என்ன" என்றாய். ஓம் என்றேன். வெளியே எங்கள் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நீ போன செய்தியைச் செல்வமணிக்குப் போனில் சொன்னேன். உடனே புறப்பட்டிருக்கிறார்கள். மறுநாள் உன் உடலைக் கிடத்தியிருந்தபோது ஒரு வான் வாசலில் வந்து நின்றது. செல்வமணி, அவள் புருசன், அந்த மாமியார், இன்னும் சிலர். வழி முழுக்க நெருங்கியிருந்து வந்த களைப்போடு, எங்கே போவதென்று தெரியாமல் வாசல் படலைக்குள் நின்றார்கள். உன் சித்தப்பா பார்த்தார். உவை தேயிலைத் தோட்டத்து ஆக்களோ என்று கேட்டார். வெளியே வேலிப்பக்கம் கதிரை போட்டுக் கொடுக்கும்படி சொன்னார். செல்வமணி வேலிப்பக்கம் திரும்பினாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழும்பிவிட்டார்.

அவர் உன் தலைமாட்டிலிருந்து எழும்பி, ஆட்களை விலக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். செல்வமணியின் கையைப் பிடித்தார். சித்தப்பாவின் முன்னாலேயே அவளை உள்ளே கூட்டிவந்து, தான் இருந்த இடத்தில், உன் முகத்துக்குப் பக்கத்தில் இருத்தினார். அம்மா அவளுக்குக் கிட்ட இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"என்ரை பிள்ளை அங்கை என்ன சாப்பிட்டவள்?"

செல்வமணி முகத்தைத் துடைத்தாள். "ரொட்டியும் சம்பலும்மா. அவங்களேதான் சுடுவாங்க. மொத ரொட்டி எப்பவும் கருகிரும். கருகினத அவங்க எடுத்துக்குவாங்க."

"குளிருக்கு என்ன போத்தவள்?"

செல்வமணி சொன்னாள். எந்த அறையில் படுத்தாய், எந்தப் பிள்ளை உன் சீலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தது, காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை வருடம் அம்மா உன்னிடம் ஒருமுறையும் கேட்காததை உன் உடலை வைத்துக்கொண்டு கேட்டுத் தீர்த்தார். பறை அடித்து உன்னைத் தூக்கும்வரை இருவரும் பிடித்த கையை விடவில்லை.

அவர்கள் நின்று, சாம்பல் கரைக்கும்போது கீரிமலைக் கடற்கரைக்கும் வந்தார்கள். செல்வமணி அதற்குமுன் கடலைக் கண்டதில்லை. உன் தம்பி தண்ணீருக்குள் இறங்க, அவள் கரையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். மலை எங்கே டீச்சர் என்று என்னைக் கேட்டாள். பெயர் மட்டும்தான், மலை இல்லை என்றேன். "அதனாலதான் எங்ககிட்ட வந்தாங்க போல" என்றாள்.

இப்போது விடுமுறைக்கு விடுமுறை நான் தனியே போகிறேன். பிள்ளைக்காம்பராவை அந்தக் குட்டிப் பெண்ணின் அக்கா நடத்துகிறாள். எனக்கு அங்கே ஒரு வேலைதான். பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பின்னேரங்களில் அவர்களை ஒவ்வொருவராகக் கிட்ட இருத்திக் கேட்கிறேன். எங்கேயாவது தடிப்பு இருக்கா, நோகாவிட்டாலும் சொல்லுங்கோ என்று. வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள், எழும்பி ஓடுவார்கள். நான் விடுவதில்லை.

போன முறை எல்லாரும் போனபிறகு செல்வமணி மட்டும் இருந்தாள். என் கையை எடுத்துத் தன் மார்பில் சட்டைக்கு மேலாக வைத்தாள். ஒரு சிறு கட்டி. விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பரிசோதித்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், திரும்ப வரச்சொன்னார்கள். முடிவு சொல்லும் நாளில் டொக்டர் கடுதாசியைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்றார். செல்வமணிக்கு விளங்கவில்லை. நான் மறுபடி சொன்னேன். அவள் டொக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் வடை வாங்கிச் சாப்பிட்டாள். வாய் ஓயாமல் கதைத்தாள். தேயிலைக்குள் பஸ் வளைந்து ஏறத் தொடங்கியதும் நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு அழுவுறீங்க டீச்சர்? எனக்குத்தான் ஒன்னும் இல்லையே."

"அதுக்குத்தான், செல்வமணி," என்றேன்.

அவள் கையிலிருந்த மிச்ச வடையைக் கடுதாசியில் சுற்றி மடியில் வைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மேல் லயம் ஏறும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.