உனக்கு நான் வாங்கி வந்த தடித்த புத்தகம்

நேற்று என் மருமகள் புதுப் புத்தகம் ஒன்றைப் பிரித்து என் மடியில் வைத்தாள். பசையும் மையும் கலந்த வாசனை வந்தது. சட்டென்று மூடிவிட்டேன். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை, மச்சான். நீ இருந்தபோது வாய் திறந்து சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

எண்பதாம் ஆண்டு. தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் நாம் இருவரும் சின்னக் கிளாக்கர்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குக் கம்பியூட்டர் வருகிறது, நம் பகுதியிலிருந்து ஒருவரை எடுப்பார்கள், அது எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை தெரிந்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நேர்முகத்துக்கு ஐந்து வாரம். நாம் இருவருமே விண்ணப்பித்தோம்.

உனக்குக் காய்ச்சல். அதனால் புத்தகம் வாங்க நான் மட்டும் கொழும்புக்குப் போனேன். புறப்படும்போது நீ சொன்னாய்: "அட்டையப் பாத்து ஏமாந்துறாத மச்சான். மொத பத்துப் பக்கத்தப் படி. மெஷினுக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுல சொல்லலன்னா வச்சிட்டு வந்துரு."

சொன்னபடியே கடையில் நின்று படித்தேன். மெல்லிய புத்தகம் ஒன்று விளக்குச் சுவிட்சில் தொடங்கியது. போட்டால் ஒன்று, அணைத்தால் பூஜ்யம். அந்த இரண்டை வைத்தே இயந்திரம் கூட்டுகிறது, கழிக்கிறது என்று படம் போட்டுச் சொன்னது. பத்தாம் பக்கத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு தெளிவு. ஒரு பிரதிதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தடித்த புத்தகம் ஒன்று. எல்லாம் தெரிந்தவனிடம் பேசுவதுபோல் முதல் பக்கத்திலேயே சூத்திரங்களை அடுக்கியிருந்தார்கள்.

மெல்லியதை வாங்கி இருவரும் சேர்ந்து படித்திருக்கலாம். நான் இரண்டையும் வாங்கினேன். அவிசாவளையில் பஸ் மாறும்போது மெல்லியதைப் பையில் உடுப்புக்கு அடியில் தள்ளினேன். தடித்ததை உன்னிடம் நீட்டி, "இது ஒன்னுதான் இருந்துச்சு. நீ மொதல்ல படி" என்றேன். அதைக்கூட நீ உன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னாய்.

அம்மா முழங்கால் வீங்கிய பிறகும் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைத்தால் அவளை நிறுத்திவிடலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஆபீஸ் கணக்கு மெஷின் நின்றுபோனால் கழற்றிப் பார்த்து ஓட வைப்பவன் நீ. நமக்கு ஒரே புத்தகம் கிடைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் தோறும் என் வீட்டுக்கு வருவாய். "என்ன சொல்றான்னே வெளங்கல மச்சான். நான் மக்கா, இல்ல இந்தப் புத்தகம் மக்கா?"

"நானும் பாத்தேன், எனக்கும் வெளங்கலதான்" என்பேன். நீ உட்காரும் பெஞ்சுக்கு அடியில்தான், மெல்லிய புத்தகம் கிடந்த என் தகரப் பெட்டி. உன் கால் அதில் இடிக்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுவேன்.

நேர்முகத்துக்கு மூன்று நாள் இருந்தது. அன்று நீ லீவு. நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது, அதே பெஞ்சில் உட்கார்ந்து மெல்லிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாய்.

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "தம்பி அந்தப் பெரிய பொஸ்தகத்தக் குடுக்க வந்துச்சு. பொட்டியில வைக்கப் போனா இன்னொன்னு கெடந்துச்சு. அதையும் பாக்கட்டுமேன்னு குடுத்தேன்."

கதவருகிலேயே நின்றேன். நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டுன்னு எழுத ஓரத்துல ஒன்னு ஒன்னுன்னு போட்டிருக்க" என்றாய். "அது மூணு. ரெண்டுக்கு ஒன்னு, பூஜ்யம்." பென்சிலை எடுத்துத் திருத்தினாய். புத்தகத்தை மூடி பெஞ்சில் வைத்தாய்.

"எடுத்துட்டுப் போ மச்சான். இன்னும் மூணு நாள் இருக்கு" என்றேன்.

"வேணாம்."

கொழும்புக்கு ஒரே பஸ்ஸில் போனோம். நீ முன்னால், நான் பின்னால். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்திக் கூட்டத்தை முன்னே தள்ளியதில் உன் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். அவ்வளவு தூரமும் நீ ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டு என்ற எண்ணை இயந்திரம் எப்படி எழுதும் என்று என்னிடம் கேட்டார்கள். "ஒன்று, பூஜ்யம்" என்றேன். சரி என்பதுபோல் அதிகாரி சிங்களத்தில் "ஹரி" என்று தலையசைத்தார். உன்னிடம் நினைவகத்தைப் பற்றிக் கேட்டார்களாம். அது மெல்லிய புத்தகத்தின் பின்பாதியில் இருந்தது. அதுவரை நீ படித்திருக்கவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. புறப்பட்ட அன்று யாரும் கூப்பிடாமலே வந்து என் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாய். இருவரும் ரோட்டுக்கு இறங்கினோம்.

"மச்சான், அந்தப் புத்தகம்..." என்று தொடங்கினேன்.

"பஸ் வருது, ஏறு" என்றாய்.

அம்மா பால் வெட்டுக்குப் போவது நின்றது. நீ தோட்டத்திலேயே பெரிய கிளாக்கராகி ஓய்வு பெற்றாய். கல்யாண வீடுகளில் பார்த்தோம், சிரித்தோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், உன் மனைவி பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கம்பியூட்டர் கற்க முதலில் எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்ட உடனே சொல்லிவிடுவேன். வல்லவன் என்று எண்ணிக்கொள்வார்கள். யோசிக்க நேரம் கிடைத்தால் நல்ல புத்தகத்தை ஒளித்து வைப்பவன் நான் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.