கிராணியார் வீட்டு வெள்ளைச் சேலை

என் அம்மாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். எழுத்துக் கூட்டத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுகிறேன், அதுவும் ஊரார் படிக்கும் பத்திரிகையில். நீ இருந்தபோதே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது எனக்கு. பேச வராததால்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

நான் பட்டம் வாங்கிவிட்டேன், அம்மா. சென்னைக் கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் நின்றபோது, ஆற்றங்கரையில் துவைக்கும் நம் குடும்பங்கள் அத்தனையும் வந்திருந்தன. எல்லோர் உடம்பிலும் நீலம் போட்டுக் கஞ்சி ஏற்றிய வெள்ளை. மேல்தட்டிலிருந்து பார்த்தாலும் அந்தக் கூட்டத்தில் அவர்கள் மட்டும் தனியாகத் தெரிந்தார்கள். "டோபி வீட்டுப் புள்ள பி.எஸ்ஸி. பாஸ் பண்ணியிருக்கு லா!" என்று சித்தப்பா மூட்டை தூக்குகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் தலை குனியவில்லை. சித்தியின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. வேண்டுமென்றே விட்டிருந்தார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

வீட்டுக்கு வந்ததும் உன் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தச் சேலை இருந்தது.

உனக்கு நினைவிருக்கும். அலுவலகத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் வீட்டம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு உன் கையில் திணித்தபோது மூட்டையோடு உன் பின்னால் நின்றவள் நான். "இதத் துவச்சியா, தேத்தண்ணியில முக்குனியா? நீயே கட்டிக்க, போ!" என்றார். மஞ்சள் பாய்ந்ததற்கு நீ கலங்கவில்லை. 'கட்டிக்க' என்ற சொல்லுக்குத்தான் உன் முகம் மாறியது. ஊரார் துணி நம் கையில் தங்கலாம், உடம்பில் தங்கக் கூடாது என்பது உன் சட்டம். திருவிழாவுக்கு யார் வீட்டுப் பட்டுச் சேலையையோ கட்டிக்கொண்டு வந்த அடுத்த வீட்டு அக்காளோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாய்!

சேலையை மறுபடி உவர்மண்ணில் ஊறப்போட்டாய், மறுபடி வெள்ளாவி வைத்தாய். வெளுக்கவில்லை. அதன் பிறகு மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக உன்னிடம் துணி போடுவதை நிறுத்தின. "அவ கை சரியில்ல" என்று ஒரு பேச்சு. கடைசியில் நீயும் அதை நம்பிவிட்டாயோ? இந்தக் கேள்விதான் என்னை விடவே இல்லை.

உன் கை சரியாகத்தான் இருந்தது, அம்மா. தண்ணீர்தான் சரியில்லை.

நமக்கு மேலே, ஆற்று வளைவில், ரப்பர் ஆலை வந்ததல்லவா? ரப்பர் பாலை உறைய வைக்க அவர்கள் அமிலம் ஊற்றுகிறார்கள். உறைந்தது போக மிஞ்சும் புளித்த நீர் அப்படியே ஆற்றில் விழுகிறது. உன் கல்தான் அதற்கு மிக அருகில், அதனால்தான் மஞ்சள் முதலில் உன் துணியில் ஏறியது. நான் நீல லிட்மஸ் தாளை அதில் நனைத்தேன், சிவந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்து, "காயிதம் வெக்கப்படுது பாரு, ஒன்ன மாதிரியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தாளைப் பார்த்து யாரும் நம்புவதாயில்லை.

அப்புறம்தான் நம் தொழிலிலேயே ஒரு வழி இருப்பது தோன்றியது. ஒரே பீஸிலிருந்து மல் துணியைக் கிழித்தேன். ஆலைக்கு மேலே துவைக்கும் துண்டுக்கு ஒரு குறி, ஆலை வாய்க்காலின் அருகே ஒன்று, நம் கற்களின் அருகே ஒன்று என்று சேங்கொட்டை மையால் வண்ணான் குறி போட்டேன். சித்தப்பாவே எல்லாவற்றையும் ஒரே சவுக்காரத்தில் துவைத்தார். வாரக்கணக்கில் திரும்பத் திரும்பத் துவைத்து, ஆற்றின் வரிசையிலேயே கொடியில் காயப்போட்டோம். மேல் துண்டு மல்லிகை. நம் கற்களின் துண்டு மங்கல். வாய்க்கால் துண்டு உன் சேலையின் நிறம்.

சுகாதார அலுவலகத்துத் துரை வந்தார். எனக்கு வாய் திறக்கவில்லை, கொடியைக் காட்டினேன். அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். "தொர, ஒங்க கால்சட்டையும் இந்தத் தண்ணியிலதான் முங்குது லா" என்றார் சித்தப்பா. துரை குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டது உனக்குப் பிடித்திருக்கும்.

ஆலையின் சீன முதலாளி, தவுக்கே, சும்மா இருக்கவில்லை. "ஒங்க சவுக்காரத் தண்ணி எங்க போவுது? கீழ கம்பத்து ஆளுங்களக் கேளு!" என்றார். நம் பெண்கள் கொதித்தார்கள். நான் கீழே போய்ப் பார்த்தேன். தவுக்கே சொன்னது பொய்யில்லை. மலாய்க்காரர் கிராமமான அந்தக் கம்பத்துப் படித்துறையில் நம் நுரையும் சாம்பலும் ஒதுங்கிக் கிடந்தன.

நம் வீட்டுக்கு முன்னால் நாமே பெருக்காமல் அடுத்த வீட்டை எப்படிக் கேட்பது? அதனால் கற்களுக்குக் கீழே குழி வெட்டினோம். சவுக்காரத் தண்ணீர் அதில் தங்கித் தெளிந்து, மணலும் தேங்காய் நாரும் போட்ட மடை வழியாக இறங்குகிறது. "நம்மள மண்ணு வெட்ட வைக்கத்தான் இந்தப் புள்ள பி.எஸ்ஸி. படிச்சுச்சா?" என்று முணுமுணுத்த சித்தப்பாதான் முதல் மண்வெட்டியைப் போட்டார். இப்போது கம்பத்துப் பெண்கள் நம்மைப் பார்த்தால் கையசைக்கிறார்கள். நம் ஜனங்களை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். காற்று திரும்பினால் ஊரில் ஈயம் உருக்கும் ஆலையின் புகைக்கரி இன்னும் நம் கொடிகளில் விழுகிறது. தண்ணீருக்குக் குழி வெட்டினோம். காற்றுக்கு எங்கே வெட்டுவது?

வரும் வாரம் நகரசபையில் விசாரணை. ஆலையும் குழி வெட்ட வேண்டும், சுண்ணாம்பு கலந்து புளிப்பை முறித்த பிறகே தண்ணீரை விட வேண்டும் என்று கேட்கப்போகிறோம். குழியில் தங்கும் ரப்பர்க் கசடு தவுக்கேவுக்கே லாபம். அதையும் சொல்வோம். அவர் பக்கம் ஒரு வக்கீல் வருகிறார். நம் பக்கம் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தோற்றால் நம் குடும்பங்கள் இந்த ஆற்றை விட்டுப் போகத்தான் வேண்டும். நா ஒட்டிக்கொண்டாலும் பேசுவேன், அம்மா. உன் கையைப் பற்றிய அந்தப் பேச்சுக்குச் சபை நடுவில் பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன். இது சத்தியம்.

இதுவரை தள்ளிவைத்த ஒன்றைக் கேட்கிறேன். கொடியைப் பார்க்க வந்தவர்களில் கிராணியார் வீட்டம்மாவும் ஒருவர். வாய்க்கால் துண்டைத் தொட்டபடி வெகுநேரம் நின்றார். அவரிடம் அந்தச் சேலையைப் பற்றிக் கேட்டேன். "கட்டிக்கம்மா" என்றார். அதே சொல். குரல்தான் வேறு.

அந்த மஞ்சள் நிறத்தோடு, ஓரத்தில் நீ போட்ட குறியோடு, அதை உடுத்திக்கொண்டு சபையில் நிற்க ஆசைப்படுகிறேன். உடையவர் சரி என்றுவிட்டார். உன் சம்மதம்தான் பாக்கி. ஒரே ஒரு பகல், அம்மா, ஊரார் துணியை நான் கட்டிக்கொள்ளட்டுமா?

உன் மூட்டையின் பின்னால் நடந்து வளர்ந்த
உன் மகள்