அனுமதிக் கடிதத்தில் இல்லாத பெயர்

நேற்று சூலியா தெருவில் ஒரு சின்னக் கடையில் என் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஈயம் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பொகை ஒத்துக்கலையா ஆன்ட்டி?" என்று கேட்டார். என் இளமை இந்தப் புகையில்தான் போனது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உன்னிடம் சொல்ல வேண்டியதையே நான் இன்னும் சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எட்டு வருடம் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். எண்பதுகளின் நடுவில் வேலை குறைந்து, நம் வரிசையையே மூடினார்கள். எல்லாரும் அழுதோம், நீ மட்டும் அழவில்லை. நேராகப் பக்கத்துத் தொழிற்சாலை இன்ஜினியரைப் போய்ப் பார்த்தாய். கம்பிகளை அளவாக வெட்டி, முனையில் ஈயம் வைத்துக் கட்டித் தரும் வேலையை வெளியே கொடுக்கப்போவதாக அவர் சொன்னாராம். செய்பவர்கள் தடையற்ற வர்த்தக வட்டாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். உற்பத்தி அனுமதி வருடக் கடைசிக்குள் கையில் வேண்டும்.

"நம்ம கைக்குத் தெரியாத வேலையாடி? நாமளே ஒரு கிலாங் போடுவோம் லா" என்றாய். தொழிற்சாலை போடுவதைப் பலகாரக்கடை போடுவதுபோலச் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நீ வேலை போன பெண்களில் பத்துப் பேரிடம் "வேற எங்கயும் சேந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டே வந்திருந்தாய்.

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விண்ணப்பப் படிவத்தை விரித்தோம். நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்து முடித்தவள், நீ ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு பெண் ஒரு மணி நேரத்தில் எத்தனை கட்டு முடிப்பாள், எத்தனை வீணாகும், மேசைக்கு மேசை எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் உன் தலைக்குள் இருந்தது. நீ சொன்னாய், நான் எழுதினேன். கூட்டாளிகள் என்ற இடத்தில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. எழுதி முடித்ததும் பேனாவைப் பிடுங்கி, ஒவ்வொரு பக்க ஓரத்திலும் உன் முதலெழுத்தைப் போட்டாய், என்னையும் போடச் சொன்னாய். நம் பழைய தொழிற்சாலையில் சாமான் தட்டோடு கைமாறிப் போகும் அட்டையில் அப்படித்தானே செய்வோம்? "தொட்டவங்க சைன் வைக்கணும்டி. இல்லன்னா சாமான் நகராது" என்றாய்.

படிவத்தைக் கொடுக்கப் போன அன்று உன் மகளுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, ஓரமெல்லாம் என்ன கிறுக்கல், புதுப் படிவத்தில் சுத்தமாக எழுதி வாருங்கள் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். உன் பெயருக்கு எதிரே படிப்பைப் பார்த்தபோது மட்டும் அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தப் புருவம் போதுமானதாக இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து புதுப் படிவத்தில் உன் பெயர் இருந்த இடத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அண்ணன் பெயரை எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பயத்தில் எழுதினேன். அண்ணனும் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வருடக் கடைசிக்கு முன்பே அனுமதிக் கடிதம் வந்தது. நீ அதை வாங்கிப் பார்த்தாய். பெயர்கள் இருந்த வரியில் உன் விரல் நின்றது.

"ஒங்க அண்ணன் பேரா?"

"சீக்கிரம் கெடைக்கட்டும்னுதான். அடுத்த வருசம் புதுப்பிக்கறப்ப ஒன் பேர சேத்துடறேன்."

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாய். "சரி லா. பத்துப் பேரு காத்திருக்காங்க. மேசை பாக்கணும், வா."

அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு ஒன்பது தடவை அனுமதியைப் புதுப்பித்தோம். ஒவ்வொரு தடவையும் படிவம் என் மேசையில்தான் இருந்தது, பேனா என் கையில்தான் இருந்தது. கீழே நாற்பது பெண்களோடு நீ ஈயப் புகையில் நின்றாய், நான் மாடியில் ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டு ஆட்கள் வந்தால் என்னை "மேடம்" என்று கூப்பிட்டாய். முதல் தடவை இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, "மேடம்" நிற்கவில்லை.

நீ கேட்டிருந்தால் மறுநாளே சேர்த்திருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அது பொய்யடி. நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்துதான் சேர்க்காமல் இருந்தேன்.

நீ போன அன்று உன் வீட்டு வாசலில் கூட்டம். உன் மகள் அழுதழுது வீங்கிய முகத்தோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈப்போவிலிருந்து வந்திருந்த உன் சொந்தக்காரர்களிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இவங்கதான் அம்மாவோட மொதலாளி. அம்மாவ ரொம்ப நல்லா வச்சிருந்தாங்க" என்றாள்.

அவர்கள் எழுந்து நின்று எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன்.