மூன்று பேசின், நான்கு பானை

அன்பு மகள் பெர்பெத்துவாவுக்கு, அம்மா எழுதுகிறேன். நாண்டோமில் எல்லோரும் சுகம், உன் அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, முணுமுணுப்புதான் குறையவில்லை. டெமாவில் நீயும் மாப்பிள்ளையும் மனம் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமனார் பாயோரின் ஆன்மாவுக்காக ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டோம், நல்ல மனிதர்.

உன் கடிதம் வந்தது. துக்க நாளுக்கு முன் பழகிப் பார்க்கக் காய்ச்சிய பிட்டோ சோளக் கள்ளாகவே இல்லை, வெறும் தண்ணீராக இருந்ததாம், உன் நாத்தனார் பானை கழுவிய தண்ணீரா என்று கேட்டாளாம், உனக்குக் கைராசி இல்லையாம், அதனால் வெளியே வாங்கி ஊற்றிவிடலாமா என்கிறாய். கூடாது. மருமகள் காய்ச்சாத பிட்டோவைக் குடித்துவிட்டா நம் ஊர்க்காரர்கள் அவரை வழியனுப்புவார்கள்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் பெண்ணே, சில சமயம் கூடம் நிஜமாகவே கோணல்தான். போன சந்தைக்கு நானே தண்ணீர்தான் காய்ச்சினேன், சிரிக்காதே. சோளம் முளைகட்டிய நாட்களில் ஒரே குளிர், பாதி முளைக்கவில்லை, மில்லுக்குப் புதிதாக வந்தவன் வேறு மாவை ரவையாக அரைத்துக் கொடுத்தான். நானோ வழக்கம்போல மூன்று பேசின் மாவுக்கு நான்கு பானை என்று கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். காய்ச்சியவள் முதல் வாய் குடித்துக் காட்ட வேண்டுமே, குடித்தேன், தெரிந்துவிட்டது, முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சந்தையில் என் பக்கத்தில் உட்காரும் எவுலாலியா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “ஏங்க்கா, இன்னைக்கு ஆத்துலேர்ந்து நேரா மொண்டுட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். சந்தையே சிரித்தது.

ஆகவே உனக்கும் நான் சொல்லிக்கொடுத்த அந்த மூன்றுக்கு நான்கு அளவை மறந்துவிடு. இனிப்புதான் கணக்கு, பேசின் இல்லை. கடையில் வாங்கிய முளைமாவில் முதலில் ஒரு கிண்ணம் மட்டும் சின்னச் சட்டியில் காய்ச்சு, ஆறியதும் சாற்றை இரண்டு விரலுக்கு நடுவே தொட்டுப் பிரித்துப் பார், ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தண்ணீரைக் குறைத்து மறுபடி பார். மூன்று பேசினில் மூன்று பானைக்குத்தான் இனிப்பு இறங்குகிறதென்றால் நான்கு பானைக்கு நான்கு பேசின் போடு, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகச் சர்க்கரை மட்டும் போட்டுவிடாதே, நம்மவர்கள் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பத்து வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். பாயோர் உன்னைப் பெண் கேட்டு வந்த வாரம், சாறு தேனாக இறங்கிவிட்டதென்று என்னைக் கேட்காமல் ஒரு பானையில் நீ கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினாய், கெடுத்துவிட்டாய் என்று உன்னைத் திட்டினேன், நீ அழுதுகொண்டே தண்ணீருக்குப் போனாய். அவர் வந்த அன்று என் பானைகள் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் உன் பானையிலிருந்துதான் அவருக்கு ஊற்றினேன். இரண்டு சுரைக்குடுக்கை குடித்துவிட்டு, “பொண்ண நான் பாக்க வேணாம். இதக் காய்ச்சினவ வளத்த பொண்ணுன்னா போதும்” என்றார். உன் பானை என்று சொல்லாமல் பெருமையை நானே வைத்துக்கொண்டேன். அது உன் கை, மகளே. அந்த மனிதர் உன் பிட்டோவைக் குடித்துத்தான் உன்னை வீட்டுக்கு அழைத்தார், அதையே ஊருக்கு ஊற்றி அவரை வழியனுப்பு.

கடவுள் உன் அடுப்பையும் வீட்டையும் காக்கட்டும். பஸ் டிரைவரிடம் சாற்றைத் தெளியவைக்கக் காய்ந்த வெண்டைத் தண்டும், புளிக்கவைக்க நம் வீட்டு நுரைக் கயிறும் கொடுத்திருக்கிறேன், கயிற்றை ஈரம் படாமல் வை. முதல் வாயை நாத்தனாருக்குக் கொடுக்காதே, நீ குடி.

உன் பானையைத் தன் பானை என்று சொல்லிக்கொண்ட,
அம்மா ஸ்கொலாஸ்திக்கா